அரைச் சுற்று

வண்டியை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்ட பிறகும் இன்ஜினுக்குள் அந்தச் சத்தம் நிற்கவில்லை. டக், டக், டக். சூடான இரும்பு ஆறும்போது அப்படித்தான் என்று யேசுதாஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அரை மணி நேரம் கழித்து இன்ஜின்மேல் கை வைத்துப் பார்த்தார். நன்றாக ஆறிப்போயிருந்தது. சத்தம் மட்டும் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயில். மனைவி ஜெனி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். விளாங்குடியில் அந்தத் தெருவே கறிச்சோறு தின்றுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியது. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைக்குள் பழைய ஆயிலும் வெந்த ரப்பரும் கலந்த வாடை மூக்கை அடைக்க, ஆணி ஓட்டைகள் வழியாக இறங்கிய வெயில் தரையில் காசுகாசாகச் சிதறிக் கிடக்க, நடுவில் சென்டர் ஸ்டாண்டில் நின்றது அந்த வண்டி. பதினெட்டு வருஷம் அவர் ஓட்டிய வண்டி.

மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் அவர் ஹெட் கிளார்க். ‘என் வண்டியில் ஒரு மெக்கானிக் கை பட்டதில்லை’ என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சொல்லியே பேர் வாங்கியவர். போன வருஷம் டைமிங் செயின் கடகடக்க ஆரம்பித்தது. அந்தச் செயினை இழுத்துப் பிடித்திருக்கும் டென்ஷனர் பக்கம் ஆயிலும் கசிந்தது. மாற்றியாக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து டிராயிங் மாஸ்டர் டோனி வண்டியை விலைக்குக் கேட்டான். கோளாறு என்று சொல்லப் பெருமை விடவில்லை. டோனி வருவதற்கு முந்தின நாள், டென்ஷனர் போல்ட்டை அரைச் சுற்று கூடுதலாக முறுக்கினார். சத்தம் அடங்கியது. கசிவின் மேல் ஓட்டை அடைக்கும் பேஸ்டை அப்பினார். ஈரம் மறைந்தது. டோனி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, “பூனை மாதிரி போகுதுண்ணே” என்று சிரித்தான்.

நாற்பது நாளைக்கு முன்னால், வாடிப்பட்டிக்குப் பக்கத்து வளைவில் பின்சக்கரம் வழுக்கி, டோனி லாரிக்கடியில் போய்விட்டான். ரோட்டில் மணல் கிடந்தது என்றார்கள். ஸ்டேஷனிலிருந்து வண்டியை மீட்கப் போன யேசுதாஸ்தான் பின்டயரைக் குனிந்து பார்த்தார். ரத்தத்துக்கு அடியில் ஆயில். பார்த்ததை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. கல்லறையில் நின்று தேம்பித் தேம்பி அழுதார். அழுதது பொய்யில்லை. வாய் திறக்காததும் பொய்யில்லை.

நேற்று டோனியின் மனைவி ரூத், வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டுப் போனாள். “தினமும் எங்க ஆலன் அண்ணன்தான் இதுல என்னைய வேலைக்குக் கொண்டுபோய் விடணும். உங்க கை பட்டாத்தாண்ணே நம்பி ஏறுவேன்” என்றாள்.

சிம்மக்கல்லில் வாங்கிவந்த புது டென்ஷனரைப் பிரித்து வைத்துவிட்டுப் பழையதைக் கழற்றினார். பேஸ்ட் காய்ந்து உரிந்திருந்தது. அதில் ஒரு கட்டைவிரல் ரேகை. அவருடையதுதான். துணியால் அழுத்தித் துடைத்தார். புதியதைப் பொருத்தினார், கசியாமலிருக்கப் புது கேஸ்கட் வைத்தார், போல்ட்டை அளவாக முறுக்கினார். இந்த முறையாவது அளவாக.

டக், டக், டக்.

ஆயில் முழுவதையும் அலுமினியச் சட்டியில் வடித்தார். கடைசிச் சொட்டு விழும்வரை குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்தபோது புது டென்ஷனரின் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. துடைத்தார். இன்னொன்று. தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது.

மறுபடியும் கழற்றினார். ஓட்டைக்குள் டார்ச் அடித்தார். செயின் அசையவில்லை. விரலை உள்ளே விட்டார்.

விரல் நுனியில் ஏதோ தட்டியது. உள்ளேயிருந்து. மெதுவாக. கதவைத் தட்டுகிற மாதிரி.

உருவிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். முதுகு தகரத்தில் இடித்தது. போன் அடித்தது.

“அண்ணே, வண்டி ரெடியா? நானும் ஆலன் அண்ணனும் வந்துக்கிட்டே இருக்கோம்.” ரூத்.

சத்தம் நின்றது. சட்டென்று. வண்டி காது கொடுத்துக் கேட்கிறது என்று அவருக்குத் தோன்றியது. சொல்லிவிடு. ஏறாதேம்மா, நான்தான் செய்தேன். மூன்றே வார்த்தை. வேலை போகும், பேர் போகும், போகட்டும். சொல்லிவிடு.

“அண்ணே?”

“ரெடிம்மா” என்றார். “சின்னக் கோளாறுதான். ஒண்ணுமில்ல.”

திரும்பிப் பார்த்தார். டென்ஷனர் அதன் இடத்தில் இருந்தது. போல்ட் முறுக்கியிருந்தது. அவர் முறுக்கவில்லை. சட்டியில் ஆயில் இல்லை.

வாசலில் ஆட்டோ நின்றது. ஆலன் சாவியை வாங்கி, வண்டியை வெளியே தள்ளி ஒரே உதையில் கிளப்பினான். சைலன்சரில் புகை வந்தது. சத்தம் இல்லை. கொஞ்சம்கூட இல்லை.

“இம்புட்டு அமைதியா இது ஓடி நான் பாத்ததே இல்லண்ணே.” ரூத்துக்குக் கண் கலங்கியிருந்தது. பின்னால் ஏறி உட்கார்ந்து, சேலையை ஒதுக்கிக்கொண்டாள்.

வண்டி நகர்ந்தது. பின்டயர் வெயிலில் பளபளத்தது. சுற்றிலும். ஈரமாக.

யேசுதாஸ் தெருவுக்கு ஓடினார். நிறுத்தச் சொல்லி, எல்லாவற்றையும் சொல்லிவிட, வாயைத் திறந்தார்.

டக், டக், டக்.

தொண்டைக்குள்ளிருந்து. இன்னும் பலமாகக் கத்தினார். டக், டக், டக். நாக்கின் மேல் வெதுவெதுப்பாக ஏதோ ஏறியது. கீழுதட்டைத் தாண்டிச் சட்டையில் கறுப்பாக இறங்கியது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்.

திண்டுக்கல் ரோடு திரும்பும் இடத்தில் ரூத் திரும்பிப் பார்த்தாள். வழியனுப்புகிறார் என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்துக்கொண்டே அவளும் கை அசைத்தாள்.