பஸ் ஏறாத புள்ளி

வகுப்பின் முன் நின்று அவள் பத்து நிமிடம்தான் பேச வேண்டும். அதற்குள் புரொஜெக்டர் மூன்று முறை கண்ணை மூடிக்கொண்டது!

"ஒயரை நான் பிடிச்சுக்கறேன், நீங்க பேசுங்க," என்று மேசைமேல் ஏறி நின்றான் கல்லூரி டெக்னீஷியன். ஒட்டடைக்குச்சி உயரம்.

"விட்டுடாதீங்க... விட்டா என் பிராஜெக்ட்டே போச்சு!"

அவள் எரிச்சலில் நியாயம் இருந்தது. பஸ்ஸுக்காக மக்கள் எவ்வளவு நேரம் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள் என்பது அவள் ஆராய்ச்சி. மழைக்காலம் முழுக்க கல்லூரி ஸ்டாப்புக்கு எதிரே உட்கார்ந்து, தொப்பலாக நனைந்து, தலைகளை எண்ணியிருக்கிறாள். இன்று ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு தலையாட்டினால்தான் பாஸ்.

"ஆக, மழை பெஞ்சா யாரும் காத்திருக்கறதில்ல. முதல் பஸ்ஸுலயே ஏறிடறாங்க," என்று திரையிலிருந்த வரைபடத்தில் கொத்தாகக் கிடந்த புள்ளிகளைக் காட்டி முடித்தாள்.

கைடு மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டார். "அப்போ மூலையில தனியா நிக்குதே, அது என்ன புள்ளி?"

பாழாய்ப்போன புள்ளி!

"அது ஒரு ஆள், மேடம். நீலக் குடை. மழை வந்தா போதும், வர்ற பஸ்ஸையெல்லாம் விட்டுட்டு மரம் மாதிரி நிப்பாரு. குடை மறைச்சு மூஞ்சியக்கூடப் பார்த்ததில்ல. கழண்ட கேஸு."

திரை பொட்டென்று இருண்டது. வகுப்பே சிரித்தது.

"ஒயர்!"

"சாரிங்க... கை நழுவிடுச்சு." அவன் முகம் ஏனோ சிவந்திருந்தது.

"காரணம் தெரியாம யாரையும் ஒதுக்கக் கூடாது," என்றார் கைடு. "நாளைக்குள்ள காரணத்தோட வா. இல்லேன்னா அடுத்த வருஷ மழைக்காலத்துல முதல்லேருந்து எண்ணு."

மறுபடியும் முதலிலிருந்தா! தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் சாத்தியிருந்தது... நீலக் குடை. அதை எடுக்க நீண்ட கை, ஒயர் பிடித்த அதே கை.

"நீங்களா? ஏங்க பஸ் ஏறல? சொல்லுங்க!"

அவன் குடைக்கம்பியைத் திருகினான். "முதல் நாள் நீங்க நனைஞ்சுக்கிட்டே எண்ணினீங்க. குடையைக் குடுக்கலாம்னு நின்னேன். தைரியம் வரல... அடுத்த பஸ்ஸுக்குள்ள கேட்டுடலாம், அதுக்கடுத்த பஸ்ஸுக்குள்ள கேட்டுடலாம்னு..."

"குடையைப் பிடிச்சுக்கிட்டு நான் நனையறதை வேடிக்கை பார்த்தீங்களா!"

விடுவிடுவென்று மழையில் இறங்கி நடந்தாள். இந்தக் காரணத்தைப் போய் கைடிடம் எப்படிச் சொல்வது? இவனால் ஒரு வருடம் போகப்போகிறது... இதில் நெஞ்சு வேறு எதற்கு இப்படி அடித்துக்கொள்கிறது? ஸ்டாப்புக்கு வந்து நின்றபோது, தலைமேல் மட்டும் மழை நின்றிருந்தது. திரும்பினாள். குடை முழுவதும் அவள் பக்கம். அவன் தொப்பலாக நனைந்து நின்றான்.

இமையில் சொட்டும் நீருக்குள் அந்தக் கண்கள்... எப்படிக் கவனிக்காமல் போனாள்? எல்லாரையும் எண்ணியவள், எதிரே உட்கார்ந்திருந்த தன்னை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

"கைடுகிட்ட நான் வந்து சொல்லட்டுமா?" என்றான் மெதுவாக.

"ஒண்ணும் வேணாம். காரணம் நான்தான்னு நானே சொல்லிக்கறேன்."

பஸ் வந்தது. நின்றது. போனது.

"நீங்க ஏறலையா?"

"இப்போ புள்ளி ரெண்டாயிடுச்சு, போதுமா?" என்று சீறினாள். நகர்ந்து குடைக்குள் இடம் விட்டாள். "எனக்கும் உங்களைப் பிடிச்சுத் தொலைச்சிருச்சு. உள்ள வந்து நில்லுங்க... குடையையாவது விட்டுடாம பிடிங்க!"