குரல் போய்ச் சேர்ந்த இடம்

நிறுவியாயிற்று என்றது கணினியின் கருப்புத் திரை. அப்படி எதுவுமே இல்லை என்றது நிரலை இயக்கும் நோட்புக் பக்கம்.

மதியத்திலிருந்து இதே வம்பு. லினக்ஸில் பைத்தான் நிரல்களுக்கென்று தனிச் சூழல் அமைத்து, அண்ணனின் பழைய ஒலிப்பதிவுகளை ஊட்டி ஒரு குரல் மாதிரியைப் பழக்கிவிட்டால், அவன் தட்டச்சு செய்வதைக் கணினி அவன் குரலிலேயே பேசும். அறுவை சிகிச்சையில் குரல்வளையை எடுத்ததிலிருந்து கழுத்துத் துளை வழியே மூச்சு மட்டும் விடுகிறவன், சாயங்காலம் ஊரிலிருந்து திரும்பும் மகளை வாய்நிறையக் கூப்பிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தான். கணினி விசிறி கக்கிய சூடான தூசி வாடை தங்கையின் மண்டையைப் பிளந்தது.

அண்ணன் எட்டிப் பார்த்து, எழுதிய பலகையைக் காட்டினான்: "மேடம், என் குரல் இன்னிக்கு வருமா, இல்ல டோக்கன் போடணுமா?"

"கிண்டல் பண்ணாதண்ணா. போட்டா போட்டாச்சுங்குது, தேடினா இல்லங்குது. எங்கதான் போய் உக்காருதோ!"

அவன் தோள் குலுங்கச் சிரித்தான், சத்தமில்லாமல். பக்கத்திலிருந்த தன் அறைக்குப் போய்விட்டான்.

ஒரு சூழலில் நிறுவிவிட்டு இன்னொன்றில் தேடுவது எல்லாரும் செய்கிற தப்புதான். கணினியில் இருந்த ஒவ்வொரு சூழலாகத் திறந்து துழாவினாள். எதிலும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒலிக்கான மென்பொருள் தொகுப்பை மறுபடி நிறுவினாள். நிறுவியாயிற்று. பக்கத்து அறையில் யாரோ செருமினார்கள்.

தண்ணீர்க் குழாயாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த தொகுப்பைப் போட்டாள். நிறுவியாயிற்று. சுவருக்கு அப்பால் மெல்லிய முனகல் ஒன்று எழுந்து, சுருதி தேடுவதுபோல் ஏறி இறங்கி, ஓரிடத்தில் நின்றது.

அந்த வீட்டில் அவர்கள் இருவர்தான்.

"அண்ணா?"

"சொல்லும்மா."

தெளிவாக. கனிவாக. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

போட்டதையெல்லாம் நீக்கச் சொல்லித் தட்டினாள். நிறுவப்படாததை நீக்க முடியாது என்றது திரை. மறுபடி தட்டினாள். அதே பதில். ஒயரைப் பிடுங்கினாள். திரை அணைந்தது.

சுவருக்கு அப்பால் சிரிப்பு. இந்த முறை சத்தத்தோடு.

அழைப்பு மணி.

"திறக்காத!" கத்திக்கொண்டே ஓடினாள். கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. வாசலில் பையோடு குழந்தை. கூடத்தின் நடுவில் அண்ணன். உதடுகளை இறுக மூடியிருந்தான். இரண்டு கைகளாலும் கழுத்துத் துளையை அழுத்திப் பொத்தியிருந்தான். மூச்சில்லாமல் முகம் நீலம் பாய்ந்திருந்தது. வேண்டாம், வேண்டாம் என்று தலை ஆடியது.

"வா கண்ணு," என்றது குரல், அவன் விரல்களின் இடுக்கிலிருந்து. "அப்பாதான்."

குழந்தை பையைப் போட்டுவிட்டு, கைகளை விரித்துக்கொண்டு, அந்தக் குரலை நோக்கி ஓடியது.