பெல்ட்டைப் பிடித்த கை

குமணன்சாவடி சந்திப்பில் பஸ்ஸை விட்டு இறங்கினால், பழக்கடைக்கும் மொபைல் கடைக்கும் நடுவே ஒரு குறுகலான மாடிப்படி மேலே ஏறும். நட்டநடுப் பகலிலும் விளக்குப் போட்டால்தான் படி தெரியும். கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை, வயிறு நிறைய இட்லியும் வடகறியுமாக நானும் ஜீவாவும் அதில் ஏறினோம். கீழே சாத்துக்குடி விற்கிறவர் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருந்தார். பேய் குடியிருக்கிற இடம் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருப்பேன்.

ஜீவா என் சிநேகிதன். அதுவரை கைப்பேசியிலேயே குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தவன். அவன் அப்பா தேவராஜ் ஆவடி தொழிற்சாலையில் ஓய்வு பெற்றதும், வந்த தொகையில் கொஞ்சம் ஒதுக்கி, "ஒரே ஒரு தபாதான்டா. நல்ல கேமராவா பாத்து வாங்கு. அப்பால என்னாண்ட வந்து நிக்காத" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு தண்ணி எல்லாம் கேமராதான். தப்பானதை வாங்கிவிட்டால் அவன் சினிமாக் கனவு அதோடு முடிந்தது என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

நான் அவன் படங்களுக்கு ஒலிப்பதிவு செய்கிறவன். மற்ற நாளெல்லாம் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை. என் கட்சி சின்னதாக ஒரு புதுக் கேமரா. மைக் செருக நல்ல வசதி இருந்தது, இருட்டிலும் சுமாராகப் பார்த்தது, கைக்கும் அடக்கம். ஜீவாவுக்கு அது பிடிக்கவில்லை. எடை இல்லாத கேமரா மூச்சு விட்டாலே ஆடும் என்பான். கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் வைத்திருக்கும் பெரிய கேமராதான் வேண்டும், பழையதானாலும் சரி என்று பிடித்தபிடியில் நின்றான். அப்படித்தான் ஷோபனா அக்காவின் விளம்பரம் அவன் கண்ணில் பட்டது.

அவரே கதவைத் திறந்தார். பின்னால் மூடிக்கிடந்த ஸ்டுடியோ. சாயம் போன நீல நிறத் திரை, துணி போர்த்திய விளக்குகள், ஈரச் சுவரின் வாடை. சமையலறைக்குப் போய் ஒரு பெரிய அரிசி டப்பாவைத் தூக்கி வந்து, அரிசிக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய கேமராவை வெளியே எடுத்தார்.

"லென்ஸ்ல பூஞ்சை பூத்துடும்னு அவரு இதுலதான் வெப்பாரு" என்றார். "அவரு போயும் நான் அப்படியேதான் வெச்சிகினு கீறேன்."

ஜீவா அதைத் தூக்கினான். அவன் முகத்தைப் பார்த்ததுமே என் கட்சி தோற்றுவிட்டது என்று புரிந்தது.

"மச்சான், கையில எப்டி உக்காருது பாரு!"

என்னுடைய ஹெட்போனைச் செருகிக் காதில் மாட்டினேன். மின்விசிறி கேட்டது. தெருவின் ஹாரன் கேட்டது. அதையெல்லாம்விட அருகில், மைக்குக்குப் பக்கத்திலேயே, யாரோ அடக்கி வைத்திருந்த மூச்சை மெதுவாக வெளியே விட்டார்கள்.

கேமராமேன்கள் அப்படித்தான் விடுவார்கள். படம் ஓடும்போது மூச்சை அடக்கிக்கொள்வார்கள், முடிந்ததும் விடுவார்கள். ஜீவாவைப் பார்த்தேன். அவன் நிறுத்தாமல் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தான்.

"அவரு எப்டிக்கா தவறிட்டாரு?" என்று கேட்டேன்.

அவர் கணவர் உதயகுமார் கல்யாண வீடியோக்காரர். ஒரு கல்யாணத்தில் பெண் அழைப்பு நடந்தது. பெண்ணைப் பார்த்தபடி மண்டபத்தின் மாடிக் கூடத்தில் பின்னால் நடந்துகொண்டே எடுத்திருக்கிறார். அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எடுக்கிறவர் கண் முழுக்கப் படத்தில் இருப்பதால், உதவியாள் ஒருவர் பின்னால் நின்று அவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து வழிநடத்துவார். எடுக்கிறவர் நடுநடுவே 'புடிச்சிகினு கீறியா?' என்று கேட்பார். 'புடிச்சிகினு கீறேண்ணா' என்று பதில் வந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போகலாம். நானும் ஜீவாவுக்கு எத்தனையோ முறை அப்படிப் பிடித்திருக்கிறேன்.

"சம்பந்தம்னு ஒருத்தரு. புடிச்சிகினு கீறேன்னுதான் சொன்னாரு. போன் அடிச்சுதுன்னு கைய எடுத்துட்டாரு. பின்னாடியே மாடிப்படி." ஷோபனா அக்கா கேமராவைத் துணியால் துடைத்தார். "மல்லாக்க வுழுந்துட்டாரு. கேமராவ நெஞ்சு மேல தூக்கிப் புடிச்சிகினே. அதுக்கு ஒரு கீறல் இல்ல. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் ஓடிகினே இருந்துச்சாம்."

வேண்டாம் என்று ஜீவாவுக்குக் கண்ணைக் காட்டினேன். ஜீவாவோ, இரண்டு நாள் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றான். அவர் யோசிக்காமல் தலையாட்டினார்.

மறுநாள் பிற்பகல் பாரிவாக்கத்தில் எடுத்துப் பார்த்தோம். தேவராஜ் மாமா கட்டிக்கொண்டிருக்கும் வீடு அது. சுவரெல்லாம் எழும்பியிருந்தது. மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் மட்டும் இன்னும் இல்லை. வானம் சிமென்ட் நிறத்தில் கவிந்து, எந்த நிமிஷமும் கொட்டும் போல் இருந்தது. பூச்சு காயாத சுவரின் குளிர்ந்த வாடை. பக்கத்து மனையில் தேங்கிய தண்ணீரில் தவளைகள்.

நடிக்க வந்தது காவ்யா. பூந்தமல்லியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறவள், எங்கள் எல்லாப் படத்துக்கும் கதாநாயகி. காட்சி சுலபம். அவள் படியேறி வந்து மாடி வாசலில் நின்று யாரையோ தேடுவாள். ஜீவா அவளுக்கு எதிரே பின்னால் நடந்தபடி எடுத்து, மாடி முழுக்கத் தெரிகிற மாதிரி விலகிப் போவான். நான் கேமராவின் ஒலியை வயர் இல்லாத ஹெட்போனில் கேட்டபடி, நீளக் கம்பியில் மைக்கைக் கட்டிக்கொண்டு காவ்யாவின் பின்னால் வருவேன்.

"உன் பெல்ட்ட யாருடா புடிக்கிறது?" என்று கேட்டேன்.

"நம்ம ஊடு மச்சான். கண்ணக் கட்டிவுட்டாக்கூட நடப்பேன்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. மாடி விளிம்புக்கு நன்றாக முன்னாலேயே ஒரு வரிசை செங்கல் அடுக்கினேன். குதிகால் இடித்ததும் அவன் நின்றுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் டேக்கில் அப்படித்தான் நின்றான். "கொஞ்சம் ஆடிருச்சு, இன்னொண்ணு போவோம்" என்றான்.

இரண்டாவது டேக் தொடங்கியது. காவ்யா ஏறினாள். ஜீவா அவளுக்கு எதிரே, முதுகைக் காட்டாமல், படிப்படியாகப் பின்னால் ஏறினான். மாடிக்கு வந்தாயிற்று. அவள் வாசலில் நின்றாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். அவன் விலகிப் போய்க்கொண்டிருந்தான்.

ஹெட்போனில் குரல் கேட்டது.

"புடிச்சிகினு கீறியா?"

ஜீவா எப்போதும் கேட்கிற கேள்விதானே. பழக்க தோஷம், என் வாய் என்னைக் கேட்கவில்லை.

"புடிச்சிகினு கீறேண்ணா."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. ஜீவாவை நான் அண்ணா என்று கூப்பிட்டதே இல்லை.

அது ஜீவாவின் குரலும் இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அவன் நடை மாறியிருந்தது. என் சிநேகிதன் தெருவில் நடந்தால் செருப்பு தரையைத் தேய்க்கும். இப்போது முழங்காலை லேசாக மடக்கி, தண்ணீரில் படகு நகர்கிற மாதிரி நழுவிப் போனான். பல வருஷம் கல்யாண வீட்டில் நடந்து பழகியவர்களின் நடை அது. அவன் நெஞ்சு ஏறி இறங்கவில்லை. மூச்சை அடக்கியிருந்தான்.

செங்கல் வரிசை வந்தது.

ஒரு காலைத் தூக்கி, திரும்பிப் பார்க்காமலேயே தாண்டினான்.

அடுத்த காலையும் தூக்கினான்.

"ஜீவா!" என்று கத்தப் பார்த்தேன். கத்தினால் திடுக்கிட்டு விழுந்துவிடுவான் என்று வாயை மூடிக்கொண்டேன். காவ்யா படத்துக்குள் இருந்தாள், அசையாமல் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"வுட்டுடாத" என்றது காதில் அந்தக் குரல். கெஞ்சுகிற குரல்.

அவன் குதிகால் விளிம்பைத் தாண்டியது.

என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. மைக்கைக் கீழே போட்டேன். வலது கையை இறுக்க மூடினேன். அவன் எங்கேயோ நிற்கிறான், நான் எங்கேயோ நிற்கிறேன். ஆனால் மூடிய கைக்குள் ஒரு தோல் பெல்ட் இருந்தது. வியர்வையில் ஈரமான, தையல் விளிம்பு பிரிந்த பெல்ட். ஒரு முழு மனிதனின் பாரம் அதில் தொங்கியது. என் தோள் மூட்டு கழன்றுவிடும் போல் வலித்தது.

ஜீவா நின்றான். எந்த மனிதனும் அப்படிச் சாய்ந்து நிற்க முடியாது. உடம்பு முழுக்க வெளியே சாய்ந்திருந்தது. பெல்ட்டின் பக்கிள் மட்டும் முன்னால் எழும்பி, என் பக்கமாக இழுபட்டிருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். அவன் நேரானான். ஒரு அடி முன்னால் வந்தான். இன்னொரு அடி. செங்கல் தட்டி உட்கார்ந்துவிட்டான்.

அடக்கிய மூச்சு ஹெட்போனில் மெல்ல வெளியேறியது.

"சூப்பர் மச்சான்!" என்றான் ஜீவா, முகமெல்லாம் சிரிப்பாக. "செமையா புடிச்ச. ஒரு ஆட்டம் இல்ல, அசைவு இல்ல."

காவ்யா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "இன்னா சொல்ற நீ? விஜி என் பின்னாலதான நின்னுகினு இருந்தாரு?"

அப்புறம்தான் அவன் செங்கல் வரிசையைத் திரும்பிப் பார்த்தான். தான் அதற்கு எந்தப் பக்கம் போய்விட்டு வந்தோம் என்று புரிந்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பிறகு மழை கொட்டத் தொடங்கியது. நாங்கள் கீழே ஓடி, மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்த சிமென்டின் மேல் உட்கார்ந்து படத்தை ஓட்டிப் பார்த்தோம். அதைப் போல ஒரு ஷாட்டை ஜீவா வாழ்நாளில் எடுத்ததில்லை. எண்ணெய் மேல் வழுக்குகிற மாதிரி போனது. ஒலியில் இரண்டு பேர் இருந்தோம். கேள்வி கேட்டவர், பதில் சொன்ன நான்.

ஜீவாவின் கண் படத்தை விட்டு விலகவில்லை. "மச்சான்... இந்த ஷாட்டுக்காக இத வாங்கலாம்டா" என்றான் மெதுவாக.

பளாரென்று ஒன்று விட்டேன். அவனை அடித்தது அதுதான் முதல் முறை. அவன் திருப்பி அடிக்கவில்லை. கேமராவை உறையில் போட்டு என் மடியில் வைத்தான்.

மறுநாள் நடந்ததைச் சொல்லித் திருப்பிக் கொடுத்தபோது, ஷோபனா அக்கா அந்த ஒலியைக் கேட்கவேண்டும் என்றார். ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

"அவருதான்" என்றார். ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்து, "பதில் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.

அவர் என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லியிருக்க வேணாம் தம்பி. சொன்னா நம்பிடுவாரு" என்றார்.

ஜீவா நான் சொன்ன சின்னக் கேமராவையே வாங்கினான். எடை இல்லை, ஆடுகிறது என்று இன்றும் திட்டுகிறான். ஆனால் அதில் வேறு எந்த மூச்சும் கேட்பதில்லை, அவனும் பின்னால் நடக்கிற ஷாட் வைப்பதில்லை. அதோடு முடிந்தது என்று நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். அந்தக் கேமராவை விற்காதீர்கள் என்று ஷோபனா அக்காவிடம் கெஞ்சிக் கேட்டிருந்தேன். அவரும் பிழைக்கவேண்டுமே. தை மாதம் முகூர்த்தங்கள் தொடங்கும்போது யாரோ வெளியூர்க்காரர் வந்து வாங்கிப் போனாராம். பேர் கேட்டு வைக்கவில்லை.

போன வாரம் அம்பத்தூரிலிருந்து மாலை ரயிலில் ஆவடிக்கு வந்துகொண்டிருந்தேன். உட்கார இடம் கிடைத்து, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வலது கை தானாக மூடிக்கொண்டது. கைப்பேசி கீழே விழுந்தது.

உள்ளங்கையில் ஈரத் தோல். பிரிந்த தையல்.

எங்கேயோ ஒரு மண்டபத்தில், ஒரு மணப்பெண்ணைப் பார்த்தபடி, எனக்கு முகம் தெரியாத ஒருவர் பின்னால் நடந்துகொண்டிருக்கிறார். அவர் பின்னால் படி இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா, எனக்குத் தெரியாது. விட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரியும்.

காதில் ஹெட்போன் இல்லை. இருந்தும் கேட்டது.

"புடிச்சிகினு கீறியா?"

எதிர் சீட்டில் இருந்தவர் குனிந்து என் கைப்பேசியை எடுத்து நீட்டினார். "இன்னா அண்ணாத்தே, கை இழுத்துகிச்சா?"

அதை வாங்க எனக்குக் கை இல்லை. இடது கையால் ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டேன். பாரம் ஏறிக்கொண்டே போனது.

"புடிச்சிகினு கீறேண்ணா" என்றேன்.