வலிக்களம்

மாரிக்கனி மூன்றாமவளின் முழங்காலை மிதித்து ஒடித்தாள். மளுக்கென்ற சத்தத்தோடு அடிவயிற்றுச் சுருக்கும் தளர்ந்தது. அப்பாடா என்றிருந்தது. கண்கவசத்தைக் கழற்றினால் ரத்தமும் இல்லை, எலும்பும் இல்லை. உடைமாற்றும் அறையின் சுவரும், எதிரே பயிற்சியாளர் எஸ்தரும்தான்.

"எப்படி இருக்கு?"

"போயிருச்சு மேடம். இன்னும் நாலு பேர ஒடிக்கலாம் போல இருக்கு."

மாதவிலக்கு வலிக்கென்று வந்த அந்த மெய்நிகர்க் கண்கவசத்துக்கு வலிக்களம் என்று பெயர். ஆரம்பத்தில் அதற்குள் புல்வெளியும் மானும்தான் இருந்தன. மெல்ல மூச்சுவிடு, தோளைத் தளர்த்து என்று ஒரு குரல் கொஞ்சும். வலியில் சுருண்டு கிடப்பவளுக்கு மானைக் காட்டி என்ன புண்ணியம்? கபடிப் பெண்கள் அதைத் தூக்கி மூலையில் போட்டார்கள். எஸ்தர்தான் ஆள் வைத்து மாற்றினார். வயிற்றில் ஒட்டிய பட்டை ஒவ்வொரு சுருக்கையும் மோப்பம் பிடிக்கும். கண்கவசத்துக்குள் அந்தச் சுருக்கே ஓர் எதிராளியாக வந்து நிற்கும். நீளமாக மூச்சுவிடத்தானே வேண்டும்? ஒரே மூச்சில் "கபடி, கபடி" என்று பாடிக்கொண்டே அவளை ஒடிக்க வேண்டும். எலும்பு முறிகிற சத்தம் கேட்டதும் மூளை வலியை விட்டுவிடும். எதிராளிகளுக்குச் செங்காட்டு அணியின் சிவப்புச் சட்டையையும் மாட்டிவிட்டார், பயிற்சியும் ஆகட்டுமே என்று. அதில் யாருக்கும் தப்புத் தெரியவில்லை. கெட்டிக்காரி என்று மெச்சவும் செய்தார்கள்.

அன்று இறுதியாட்டம், அதே செங்காட்டு அணியோடு. அங்கே ஆடுகிற பேச்சியம்மாள் மாரிக்கனியின் சித்தி மகள். ஒரே வீட்டில் வளர்ந்தவள். மாரிக்கனி நடுக்கோட்டைத் தாண்டி வந்தபோது எதிரே நின்று கண்ணைக்கூடச் சிமிட்டினாள்.

மாரிக்கனி பாடிக்கொண்டே உள்ளே போனாள். பேச்சி பாய்ந்து கணுக்காலைக் கவ்வினாள். நல்ல பிடி. அந்த நேரம் பார்த்து வயிறு சுருட்டி இழுத்தது.

காலடியில் சிவப்புச் சட்டை. வாயில் பாட்டு. மாரிக்கனி யோசிக்கவே இல்லை. பேச்சியின் கையை முறுக்கி, முழங்கையின் மேல் முட்டியை வைத்து உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கினாள். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பேச்சி அலறினாள். மாரிக்கனி மறுபடியும் இறக்கினாள். நடுவரின் விசில் அவள் காதில் ஏறவே இல்லை. நாலு பேர் சேர்ந்துதான் பிய்த்து எடுத்தார்கள். விரிப்பில் ரத்தம் பரவியது.

வலி சுத்தமாகப் போயிருந்தது. கண்கவசத்துக்குள் ஒருநாளும் இவ்வளவு சுகம் கிடைத்ததில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பேச்சி ஒரு கையில் பெரிய கட்டோடு படுத்திருந்தாள்.

"அழாதக்கா. ஆட்டத்துல இதெல்லாம் நடக்கறதுதான்."

"ஆட்டம் இல்லடி. ஒடிச்சப்ப எனக்கு நல்லா இருந்துச்சு."

பேச்சிக்கு மருந்து மயக்கம் இன்னும் தெளியவில்லை. "கிறுக்கச்சி மாதிரி பேசாத," என்று சிரித்தாள்.

அப்போது மாரிக்கனியின் முகம் கோணியது. வயிறு மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. பேச்சி அதைப் பார்த்துவிட்டாள். வயதுக்கு வந்த நாளிலிருந்து இருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்கு வலித்தால் மற்றவள் கையைக் கொடுப்பாள்.

"உனக்கு இன்னைக்குத்தானாக்கா? முன்னமே சொல்லியிருக்கலாம்ல." நல்ல கையை நீட்டி அக்காவின் கையைப் பற்றிக்கொண்டாள். "வலிக்கறப்ப நல்லா இறுக்கிக்கோ."

மாரிக்கனி கையை உருவப் பார்த்தாள். விரல்கள் கேட்கவில்லை. பேச்சியின் மணிக்கட்டில் எலும்பு எங்கே இருக்கிறது என்று அவை அதற்குள் தடவிக் கண்டுபிடித்திருந்தன.

"பேச்சி, நர்ஸைக் கூப்பிடு," என்றாள் மாரிக்கனி. "சீக்கிரமாக் கூப்பிடு. கத்திக் கூப்பிடு."