ஐந்து மொழி ஜெயிலர்

மாலை 4.40. ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறையில் ஒரு தாள் செத்துக் கிடந்தது என்று சொல்ல முடியாது. அது எங்கேயுமே கிடக்கவில்லை என்பதுதான் புகார். 1896-ஆம் வருடத்துச் சிறைப் பதிவேட்டில் காலையில் எண்ணும்போது 180 தாள், மாலையில் 179.

"நாலு மாசத்துல ரிட்டயர்மென்ட் சார். தாள் கிடைக்கலேன்னா சஸ்பெண்டுதான்," என்றார் காப்பாளர் அம்மா.

இன்ஸ்பெக்டர் கொட்டாவியை விழுங்கினார். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. பதிவேடு அன்று, நடுவில் எண்ணப்படாமலே, மூன்று பேர் மேசைக்கு மாறி மாறிப் போயிருந்தது: ஒரு வக்கீல், ஓர் ஆராய்ச்சி மாணவி, ஒரு குடும்பச் சங்கத் தலைவர். வாசலில் மூவரையும் சோதித்தாயிற்று. துண்டுக் காகிதம்கூட வெளியே போகவில்லை.

தலைவர் மட்டும் உட்காரவில்லை. "நாளைக்கு என் நூல் வெளியீடு! எங்க கொள்ளுத் தாத்தா அந்தச் சிறையோட ஜெயிலர். அஞ்சு மொழி அறிஞர். இது எங்க வம்சத்துக்கு எதிரான சதி!"

"உட்காருங்க ஐயா. வம்சம் எங்கயும் ஓடிடாது."

5.10. இன்ஸ்பெக்டர் மூவரின் கோரிக்கைச் சீட்டுகளைப் புரட்டினார். சிறைப் பதிவேட்டோடு வக்கீல் கேட்டிருந்தது நில வரைபடம். மாணவி, மருத்துவமனைப் பதிவேடு. தலைவர், மழை அளவுப் பதிவேடு. ஒவ்வொரு சீட்டிலும் போன தாள் எத்தனை, திரும்பி வந்த தாள் எத்தனை, காப்பாளர் கையெழுத்து.

"அம்மா, மழைப் பதிவேடு போறப்ப 96, வர்றப்ப 97. கவனிக்கலையா?"

"கவனிச்சேன் சார். குறைஞ்சாத்தானே மெமோ? கூடினா யாரு கேக்கறா?"

பதிவேடு வந்தது. ஜூன் மாத மழைக்கும் ஜூலை மாத மழைக்கும் நடுவே அந்தத் தாள்.

"வெளியே கொண்டு போக வழியில்ல. யாரும் தொடாத புத்தகமாப் பார்த்துக் கேட்டு வாங்கி, உள்ளே வெச்சுட்டீங்க. இவங்க அதையும் எண்ணுவாங்கன்னு உங்களுக்குத் தெரியல," என்ற இன்ஸ்பெக்டர் தாளைப் படித்தார். "கைதி எண் 61. மாட்டுத் திருட்டு. எழுதப் படிக்கத் தெரியாது. உங்க தாத்தா ஜெயில்லதான் இருந்திருக்கார் ஐயா. கம்பிக்கு அந்தப் பக்கம்."

தலைவர் உட்கார்ந்தார்.

"கிழிச்சு வாயில போட்டு முழுங்கியிருந்தா நாங்க கண்டுபிடிச்சிருக்கவே மாட்டோம். ஏன் பத்திரமா வெச்சீங்க?"

தாளின் அடியில் ஒரு கைநாட்டு. தலைவர் அதையே பார்த்தார். "அவரோடதுன்னு எங்களுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான் சார்."

காப்பாளர் அம்மா 179-ஐ அடித்து 180 ஆக்கினார். பிறகு, யாரும் கேட்காமலே, 97-ஐயும் அடித்து 96 ஆக்கினார்.