ஒரு வீடு, ஓர் உடல்

"ஆ காட்டுங்க. நாக்கை மேலே தூக்குங்க. இப்ப இடது கன்னம்."

ஈரோட்டில் பதினான்காம் எண் மருந்துச் சாவடியில் காலை ஏழு மணிக்குத் தொடங்கும் இந்தப் பல்லவி இரவு பத்து மணி வரை ஓயாது. அட்டையைச் செருகினால் மாத்திரை விழும். அங்கேயே விழுங்க வேண்டும். வாயைத் திறந்து காமிராவுக்குக் காட்ட வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் அட்டையில் 'விழுங்குச் சான்று' ஏறிவிடும். முதல் வாரம் எல்லோரும் வெட்கப்படுவார்கள். இரண்டாவது வாரம் வரிசையில் நிற்கும்போதே வாயைப் பிளந்துகொள்வார்கள்.

சாவடிப் பொறுப்பாளர் செங்கனிக்கு நாற்பத்து நான்கு வயது. மருந்தியல் படித்தவள். அவளுடைய பதினெட்டு வருட அனுபவத்துக்கு இயந்திரம் விட்டுவைத்திருந்த வேலை ஒன்றே ஒன்று: வரிசையை ஒழுங்குபடுத்தி, வாயைத் திறக்கச் சொல்வது.

அன்று எட்டரை மணிக்கு மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்தவர்கள் ஒரு தாயும் மகளும். தாய் கோகிலவாணி, அறுபத்தொரு வயது. வலது விலாவைக் கையால் தாங்கிக்கொண்டு, புடவை உரசினால்கூடத் துடித்தாள். மகள் தமயந்தி நீச்சல் பயிற்சியாளர். தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

"அக்கிங்க்கா," என்றாள் தமயந்தி. "ரெண்டு நாளா எரியுதுன்னு சொல்லவேயில்லை. யாரோ சொன்னாங்கன்னு காவி பூசிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. நேத்து ராத்திரிதான் பார்த்தேன். கொப்புளம் கொப்புளமா முதுகு வரைக்கும் போயிருச்சு. அப்பவே டாக்டர்கிட்ட ஓடினோம்."

"காவி பூசினா சில்லுன்னு இருந்துச்சு கண்ணு, அது ஒரு குத்தமா?" என்றாள் கோகிலவாணி.

"சில்லுன்னு இருக்கும். வைரஸ் சாகாது," என்றாள் செங்கனி. "இது ஹெர்ப்பிஸ் வகைங்கம்மா. சின்ன வயசுல வந்த அம்மை நரம்புக்குள்ள ஒளிஞ்சிருந்து இப்ப எந்திரிச்சிருக்கு. மூணு நாளுக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சிட்டா நல்லா கேக்கும். வீட்டுல குழந்தை இருக்கா?"

"பேரன். கவின். அஞ்சு வயசு."

"கொப்புளம் காயற வரைக்கும் மடியில வெக்காதீங்க. அவனுக்கு அம்மையா இறங்கிரும்."

பேசிக்கொண்டே தமயந்தி அட்டையைச் செருகிவிட்டாள். இயந்திரம் கனிவான குரலில் சொன்னது: "வணக்கம். மருத்துவர் பதிந்த நோய்: அக்கி. மருந்து: நச்சடக்கி. அளவு: முழு மாத்திரை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாட்கள். முதல் வேளையை எட்டு நிமிடங்களுக்குள் விழுங்கவும்."

டக். நீல மாத்திரை தட்டில் விழுந்தது. திரையில் 8:00 ஒளிர்ந்து, 7:59 ஆனது.

கோகிலவாணி கையை நீட்டியபோதுதான் செங்கனி அவள் பாதத்தைப் பார்த்தாள். செருப்பு வார் பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது. வீக்கம்.

"நில்லுங்கம்மா. உங்களுக்குக் கிட்னி எப்படி?"

"அதையேன் கேக்கறே அம்மணி. நூத்துக்கு எட்டுதான் வேலை செய்யுதாம். உப்பில்லாம தின்னுக்கிட்டு, அளந்து தண்ணி குடிச்சுக்கிட்டு ஓட்டறேன்."

"டாக்டர் சீட்டு இருக்கா?"

தமயந்தி நீட்டினாள். மனுஷ டாக்டர் கைப்பட எழுதிய சீட்டு. அரை மாத்திரை. ஒரு நாளைக்கு ஒரே வேளை. கீழே இரண்டு கோடு போட்டு, 'சிறுநீரகம்!' என்று எழுதியிருந்தார்.

போன மாதம் ஒருவர் இதே தட்டில் இதே மாத்திரையை மூன்று நாள் எடுத்தார். சிறுநீரகம் வெளியேற்றாத மருந்து ரத்தத்திலேயே தேங்கியது. நான்காம் நாள் வரிசையில் நின்றபடி, செத்துப்போன தன் அண்ணனோடு சத்தமாகச் சண்டை போட்டார். ஐந்தாம் நாள் வரவில்லை. அவருடைய அட்டையில் மூன்று நாளும் பச்சைதான்.

"சீட்டுல அரைன்னு இருக்கு. மெஷின் ஏன் முழுசு தருது?" தமயந்தியின் குரல் உயர்ந்தது.

"அது உங்கம்மா உடம்பைப் பார்க்கலை. உங்க உடம்பைப் பார்த்துச்சு. அட்டைக்குக் குடும்பத் தலைவர் யாரு?"

"நான்தான்."

"அவ்வளவுதான்."

'ஒரு வீடு, ஓர் உடல்.' சாவடிச் சுவரிலேயே பெரிய எழுத்தில் இருந்தது. ஆளாளுக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பது வீண்வேலை என்று பத்து வருடம் முன்னால் மருந்து வழங்கல் வாரியம் கண்டுபிடித்தது. குடும்பத் தலைவரின் உடல் அளவுகளைப் பதிந்தால் போதும். அதுவே அந்த வீட்டுக்கான உடல்; குழந்தைகளுக்கு மட்டும் வயதைப் பார்த்துக் குறைப்பார்கள். ஆரோக்கியமான தலைவர் இருந்தால் மின்சாரத்தில் சலுகை வேறு. ஊர் சும்மா இருக்குமா? வீட்டில் யார் ஓடுகிறார்களோ, யார் நீந்துகிறார்களோ, அவர்களைத் தலைவராக்கிவிட்டு நிம்மதியாக ஃபேனுக்கடியில் படுத்தது.

"நான்தான் இவளைத் தலைவராப் போடச் சொன்னேன்," என்றாள் கோகிலவாணி மெதுவாக. "கல்லு மாதிரி உடம்பு, நாலு பேருக்கு முன்னாடி பெருமையா இருக்கும்னு."

6:10.

"பாதியை உடைச்சு முழுங்கினா?" என்று கேட்டாள் தமயந்தி.

"மீதிப் பாதி தட்டுல கிடக்கும். எடை பார்க்கும். மறுப்புன்னு போட்டுரும். மறுப்பு விழுந்தா உங்க அட்டை நாற்பது நாளைக்குப் பூட்டு."

தமயந்தியின் முகம் வெளிறியது. "கவினுக்கு வலிப்பு மருந்து இந்த அட்டையிலதான் வருது. ஒரு நாள் விட்டாலும் இழுத்துரும்க்கா."

வரிசையில் யாரோ, "சீக்கிரம் முழுங்கிட்டு நகருங்கப்பா!" என்றார்கள்.

"உங்கம்மாவா இருந்தா முழுங்கச் சொல்லுவீங்களா? வாயை மூடிக்கிட்டு நில்லுங்க!" என்று சீறினாள் செங்கனி. வாயைத் திறக்கச் சொல்வதே வேலையாக இருந்தவள் அன்றுதான் முதல்முறையாக ஒருவரை மூடச் சொன்னாள்.

கோட்ட மேலாளர் புருஷோத்தமனைத் திரையில் அழைத்தாள். அவர் இட்லியோடு வந்தார்.

"சார், நோயாளிக்குக் கிட்னி எட்டு சதவீதம். முழு டோஸ் விழுந்திருக்கு. திரும்ப எடுத்துக்கணும்."

"அட்டையில சிறுநீரகம் எவ்வளவு காட்டுது?"

"நூத்துக்கு நூறு. அது மக கிட்னி சார்!"

"அப்ப நல்ல கிட்னிதானேம்மா. என்ன பிரச்சினை?"

"சார், மாத்திரையை முழுங்கப் போறது மக இல்லை. அம்மா."

"வீடு ஒண்ணுதானே? ஆளுக்கொரு உடம்புன்னு கேட்டா நாங்க எங்க போறது? போன மாசமும் நீதான் ஏதோ எழுதி அனுப்பினே. அந்த ஆளுக்குச் சான்று முழுசா இருந்துச்சு. சான்று இருந்தா மருந்து சரி. முழுங்கச் சொல்லு, நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லு."

"அவங்களுக்குத் தண்ணியே அளவுதான் சார்! நீங்க சாப்பிடற இட்லியை உங்க பொண்டாட்டி வயித்தை அளந்தா வெச்சாங்க?"

திரை அணைந்தது.

3:40.

கோகிலவாணி மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டாள். "விடு அம்மணி. ஒரு வேளைதானே. பேரன் மருந்து நிக்கக் கூடாது."

"ஒரு வேளை இல்லைங்கம்மா. இருபத்தியொரு வேளை. ஒவ்வொண்ணுக்கும் இதே காமிரா. தட்டுலயே திருப்பி வைங்க." செங்கனியின் விரல்கள் திரையில் பட்டியல் பட்டியலாக இறங்கின. கடைசிப் பக்கத்தில், யாரும் தொடாத ஒரு பொத்தான் இருந்தது. தனியர் விண்ணப்பம். தெருவில் விடப்பட்டவர்களுக்காக எழுதிய விதி. "ஒரு வழி இருக்கு. இந்த அட்டையில இல்லாத ஆளுக்கு மாத்திரை விழுந்தா அது மறுப்பு ஆகாது, தவறுதல். தானா ரத்தாயிரும். அம்மாவுக்குத் தனி அட்டை கிடைக்கும். அதுல அவங்க உடம்புதான் இருக்கும்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!" என்றாள் தமயந்தி.

"சொல்ற மாதிரி இல்லை. அதுக்கு ரெண்டு பேரும் மைக்குல ஒண்ணு சொல்லணும்."

இயந்திரமே கேட்டது. "விண்ணப்பதாரரே, உங்களுக்கு உறவினர் யாரேனும் உண்டா?"

2:05.

கோகிலவாணி மகளைப் பார்க்கவில்லை. மைக்கைப் பார்த்து, "எனக்கு யாருமில்லைங்க," என்றாள். பால்காரருக்குப் பதில் சொல்வதுபோல அத்தனை சாதாரணமாக.

"உடன் நிற்பவரே, இவர் உங்களுக்கு யார்?"

தமயந்தி மைக்கைவிட்டு விலகி நின்றாள். 1:30.

"சொல்லுங்க," என்றாள் செங்கனி.

"முடியாது. என்னைப் பெத்தவங்க. எதுக்கு நான் பொய் சொல்லணும்? கணக்குப் போடத் தெரியாத மெஷினுக்காக எங்கம்மாவை நான் யாரோன்னு சொல்லணுமா?" அவள் தட்டை ஓங்கி அடித்தாள். நீல மாத்திரை துள்ளித் தட்டிலேயே விழுந்தது.

"பதில் ஏற்கப்படவில்லை. இவர் உங்களுக்கு யார்?"

0:50. கோகிலவாணி மகளின் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். "நீச்சல் குளத்துல பிள்ளைங்களைத் தண்ணிக்குள்ள தள்ளி விடறியே, அது அவங்க மேல கோவத்துலயா? சொல்லு தங்கம். எனக்கு எரியுது."

"யாருமில்லை," என்றாள் தமயந்தி. குரல் உடைந்திருந்தது. இயந்திரத்துக்குச் சொல் மட்டும் போதுமாக இருந்தது.

நேரம் நின்றது. நீல மாத்திரையைத் தட்டு விழுங்கிக்கொண்டது. ஒரு சிறு துளையில் விரலை வைக்கச் சொன்னது. சுருக். ஒரு சொட்டு ரத்தம். செங்கனி மருத்துவர் சீட்டைக் காமிராவுக்குக் காட்டினாள்.

"சிறுநீரகம்: எட்டு சதவீதம். மருத்துவர் சீட்டு ஒப்புக்கொள்ளப்பட்டது. அரை மாத்திரை, ஒரு நாளைக்கு ஒரு வேளை. குழப்பமோ, அதிகத் தூக்கமோ, சிறுநீர் குறைவோ ஏற்பட்டால் உடனே மருத்துவரைப் பார்க்கவும்."

செங்கனி மணியைப் பார்த்தாள். ரத்தம் பார்க்க ஆன நேரம்: பதினோரு நொடி. பத்து வருடமாக வாரியம் மிச்சம் பிடித்தது இந்தப் பதினோரு நொடியைத்தான். ஊசி எப்போதும் உள்ளேயே இருந்திருக்கிறது.

கோகிலவாணி அரை மாத்திரையை அளந்து வைத்த தண்ணீரில் விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டினாள். பச்சை.

தமயந்தி அவள் கையைப் பிடிக்க முன்னால் வந்தாள். "உறவினர் அல்லாதோர் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கவும்," என்றது இயந்திரம்.

தமயந்தி கோட்டைப் பார்த்தாள். அதன்மேலேயே காலை வைத்து நின்று, அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனாள். இயந்திரம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்து நின்ற பெண்ணுக்கு உதட்டோரம் கொப்புளம், கையில் ஒரு மருத்துவர் சீட்டு. இன்னொரு கை, பக்கத்தில் நின்ற மனிதரின் விரல்களைக் கோத்திருந்தது. அந்தக் கையை விடாமலேயே முன்னால் வந்து அவள் செங்கனியிடம் கேட்டாள்:

"இவர் என் வீட்டுக்காரருங்க. எனக்கு யாருமில்லைன்னு எந்த மைக்குல சொல்லணும்?"