ஜெயவேலின் காது

"இது என் வூட்டுக்காருதான். ஆனா இந்தப் படம் பொய்யி" என்று சொல்லி, கன்னியம்மா அந்தப் போட்டோவை மேஜைமேல் வைத்தாள்.

அஜீசுன்னிசா மேடத்தின் ராயபுரத்து மாடிப் போர்ஷனுக்குப் படியேறி வந்தவள் உட்காரக்கூட இல்லை. வந்ததும் வராததுமாக நின்றபடியே பேசுகிறவர்கள் நாலு வாசல் ஏறி இறங்கி அலுத்துப் போனவர்கள் என்பது கஸ்பாருக்குத் தெரியும். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

கஸ்பார் பத்திரிகைப் போட்டோகிராஃபராக ஊர் ஊராக ஓடியவன். ஆட்குறைப்பு என்று சொல்லி ஒருநாள் அனுப்பிவிட்டார்கள். வேலைதான் போனது, அந்தப் பெரிய ஃபுல் ஃப்ரேம் கேமரா அவன் தோளைவிட்டு இறங்கவில்லை. லென்ஸோடு சேர்த்துக் கைக்குழந்தை கனம் கனக்கும். அஜீசுன்னிசா மேடம் போலீஸ் இலாகாவில் தடயப் படங்களைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய கைப்பையில் சீப்பு, மாத்திரைகளோடு ஒரு பாக்கெட் கேமராவும் கிடக்கும். அதைச் சோப்பு டப்பா என்று கஸ்பார் கேலி செய்வான். "உன் அம்மிக்கல்லை நீ சும, என் டப்பாவை நான் வச்சுக்கறேன்" என்பார் அவர். யாராவது துப்புக் கேட்டு வந்தால் இருவரும் சேர்ந்து போவார்கள். வராத நாளில் இந்தக் கேமராச் சண்டைதான் பொழுதுபோக்கு.

"உக்காந்து சொல்லும்மா" என்றார் அஜீசுன்னிசா.

கன்னியம்மா சொன்னாள். அவள் புருஷன் ஜெயவேல் எண்ணூரில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். ஆவணி மாதம் கழிவு எண்ணெய் டேங்கைச் சுத்தம் செய்ய அவனை உள்ளே இறக்கினார்கள். கயிறும் இல்லை, முகமூடியும் இல்லை. விஷவாயு அவனை ஏறவிடவில்லை. இப்போது விசாரணை நடக்கிறது. ஆடி மாதமே எல்லோருக்கும் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தாகிவிட்டது, பெல்ட்டு, கயிறு, முகமூடி எல்லாம் கொடுத்தாகிவிட்டது, அலட்சியமாகப் போடாமல் இறங்கியது ஜெயவேல்தான் என்று கம்பெனி சொல்கிறது. அதற்கு அத்தாட்சி இந்தப் போட்டோ.

"திங்கக்கெழம ஆபீசரு முடிவு எழுதிடுவாராம். இந்தப் படம் நின்னுச்சின்னா அவரு சாவுக்கு அவரேதான் காரணம்னு ஆயிடும். பொட்டப்புள்ள ஒண்ணு கீது பாயம்மா. உங்கப்பன் திமிருல செத்தான்னு சொல்லியா அத வளக்கணும்?"

"அவர் இந்தப் பயிற்சிக்குப் போகலைன்னு எதை வச்சுச் சொல்றே?"

"பெல்ட்டுன்னு ஒண்ணு கீதுன்னே அவருக்குத் தெரியாது. மூக்குல துணிய கட்டிகினுதான் எறங்குவாரு. அந்தத் துணியத் தொவைச்சவ நானு."

கஸ்பாருக்கு அது போதும். விசாரணை அதிகாரிக்குப் போதுமா?

படத்தில் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். நடுவில் ஜெயவேல். தலையில் ஹெல்மெட், மார்புக்குக் குறுக்கே பெல்ட்டு, கழுத்தில் தொங்கும் முகமூடி, முகத்தில் வஞ்சகமில்லாத சிரிப்பு. பின்னால் எண்ணெய் டேங்குகள். அவற்றுக்கும் பின்னால், வெகுதூரத்தில் கம்பெனி கேட்டும், அதனருகே ஒரு லாரியும். மூலையில் ஆடி மாதத்துத் தேதி அச்சாகியிருந்தது. தேதியை எந்தக் கேமராவிலும் இஷ்டத்துக்கு மாற்றி வைக்கலாம். அது ஒன்றும் வேதவாக்கு இல்லை.

கஸ்பார் முந்திக்கொண்டான். "மேடம், இது பெரிய கேமராவுல எடுத்தது. மாதா மேல சத்தியமா சொல்றேன். முகத்தப் பாருங்க. கண்ணு ரெண்டும் பளிச்சுனு கீது, காது மட்டும் மங்கிப் போச்சு. கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல இன்னா பெரிய தூரம்? அதுக்குள்ளயே ஃபோகஸ் கரையுதுன்னா, உள்ள படம் விழற சென்சாரு பெருசு, முன்னாடி வாய் அகலமான லென்சு, கிட்டக்க நின்னு எடுத்தது. உங்க டப்பாவுல தலகீழா நின்னாலும் இது வராது."

அஜீசுன்னிசா பூதக்கண்ணாடியை எடுத்தார். அவர் ஜெயவேலின் முகத்தைப் பார்க்கவே இல்லை. படத்தின் கோடிக்குப் போனார்.

"எனக்கு என்னவோ இது டப்பா கேமராவாத்தான் தெரியுது. அவ்வளவு தூரத்துல நிக்கற லாரியோட நம்பரைக்கூடப் படிக்க முடியுது பார். என் கேமராவுக்குள்ளே இருக்கற சென்சார் சுண்டுவிரல் நகம் அளவுதான். அதனாலயே கிட்ட இருக்கறதும் தெளிவு, எட்ட இருக்கறதும் தெளிவு. உன்னோடதுல இப்படி எடுத்திருந்தா முகம் ஜொலிக்கும், லாரி பஞ்சு மாதிரி கரைஞ்சு போயிருக்கும்."

"அப்போ காது?"

"அப்போ லாரி?"

"மேடம், நான் தொழில்காரன்."

"நான் மட்டும் வெத்தலைக் கடையா வச்சிருந்தேன்?"

கன்னியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க சண்ட போடறதப் பாக்கவா நான் பஸ்சு ஏறி வந்தேன்?"

இருவருக்கும் சுருக்கென்றது. அஜீசுன்னிசா மறுபடி குனிந்தார். இந்த முறை வரிசையில் நின்றவர்களின் முகங்களை இடமிருந்து வலமாக நிதானமாகப் பார்த்தார்.

"கஸ்பாரு, நீ சொன்னது சரி" என்றார்.

அந்த வீட்டில் அவன் இதுவரை கேட்காத வார்த்தை அது. அவன் மகிழ்வதற்குள் அவர் தொடர்ந்தார். "நான் சொன்னதும் சரி. ஜெயவேலுக்கு ரெண்டு பக்கமும் நிக்கறவங்க காதைப் பார். எல்லாம் தெளிவு. இத்தனை பேர்ல ஒரே ஒருத்தர் காது மட்டும் மங்கல். ஒரே கேமரா ஒருத்தருக்கு ஒரு நியாயம், இன்னொருத்தருக்கு ஒரு நியாயம் பண்ணாது. முகத்தை எடுத்தது பெரிய கேமரா. மீதி அத்தனையும் எடுத்தது சின்ன கேமரா. யாரோ ஒருத்தன் பெல்ட்டு மாட்டிக்கிட்டு நின்னிருக்கான். அவன் முகத்தை வெட்டி எடுத்துட்டு இவர் முகத்தை ஒட்டியிருக்காங்க."

கன்னியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு. லாரி முன்னாடி ரெண்டு பக்கமும் என்ன கட்டியிருக்கு பாரும்மா?"

கன்னியம்மா பூதக்கண்ணாடி வழியே பார்த்தாள். "வாழக்கன்னு. கண்ணாடியில சந்தனம், குங்குமம்..." அவள் நிமிர்ந்தாள். "ஆயுத பூஜ. அது பொரட்டாசியில ஆச்சே. ஆவணியிலேயே அவரு பூட்டாரே. ஆயுத பூஜைக்கெல்லாம் கருமாதியே முடிஞ்சி போச்சி."

கஸ்பார் மேஜையில் ஓங்கித் தட்டினான். "மாட்டிக்கினானுங்க மேடம். திங்கக்கெழம வெச்சி செய்யலாம்." அப்போதே விசாரணை அறையில் நிற்பதுபோல் அவனுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. மேடத்தின் முகத்தில் மட்டும் அந்தச் சந்தோஷம் ஒட்டவில்லை.

"இந்த முகம் எங்கேயிருந்து வந்துச்சு? உன் புருஷனைப் பெரிய கேமராவுல யாரும்மா எடுத்தாங்க?"

கன்னியம்மா எழுந்து, "வூட்டாண்ட வாங்க" என்றாள்.

காலடிப்பேட்டையில் அவளுக்கு ஒற்றை அறை வீடு. சுவரில் மாலை போட்ட ஜெயவேல் சிரித்துக்கொண்டிருந்தான். கஸ்பார் கம்பெனிப் படத்தை அதன் பக்கத்தில் பிடித்தான். அதே சிரிப்பு, அதே தலைச்சாய்வு. சுவர்ப் படத்தில் அவன் காது மடலில் மஞ்சளாக ஏதோ தடவியிருந்தது, மங்கலாக. கம்பெனிப் படத்திலும் ஹெல்மெட்டுக்குக் கீழே, அதே இடத்தில் அதே மஞ்சள்.

"பாப்பாவுக்கு மொட்ட போட்டுக் காது குத்துனப்ப எடுத்தது" என்றாள் கன்னியம்மா. "மண்டையில பூசுன சந்தனத்த அவரு காதுல தேச்சிட்டு அது ஒரே சிரிப்பு. அவரு நல்லா சிரிச்ச படம் இது ஒண்ணுதான். என் தம்பி வல்லரசு எடுத்தான். தெரு முக்குல ஸ்டுடியோ வெச்சிகிறான்."

"படம் வேற யார்கிட்டயாவது இருக்கா?"

"அவன் கம்ப்யூட்டர்லதான் கீது."

அஜீசுன்னிசா கொஞ்சம் தயங்கித்தான் அடுத்ததைக் கேட்டார். "ஆயுத பூஜை அன்னைக்குத் தம்பி எங்கே இருந்தான்?"

"எங்க வூட்ல சாவு, பண்டிக கெடையாது. அவன் ஸ்டுடியோவுல பூஜ போட்டான். மாமா என்னை ஒரு படம் எடுன்னு பாப்பா போயி நின்னுச்சி. கேமரா பூஜையில கீது, நாளைக்கித்தான் தொடணும்னு சொல்லிட்டு, பையில சின்ன கேமராவப் போட்டுகினு எங்கியோ பூட்டான். புள்ள அழுதுகினு வந்துச்சி." சொல்லி முடித்தபோது அவளுக்கே எல்லாம் விளங்கிவிட்டது. சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வல்லரசு அக்கா வீட்டுக்குத்தான் வருவான். வந்தான். வாசலில் புதிய செருப்புகளைப் பார்த்து யோசித்தவன், கஸ்பார் கையிலிருந்த போட்டோவைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான்.

அஜீசுன்னிசா குரலை உயர்த்தவில்லை. "உள்ளே வாப்பா. தப்பா இருந்தா திருத்து. கம்பெனிக்குள்ளே போனை விடமாட்டாங்க, அதனால கேமரா வேணும். அவங்க கூப்பிட்ட நாள் ஆயுத பூஜை. ஆளுங்களும் ஓய்வா இருப்பாங்க, வரிசையில நிறுத்தச் சௌகரியம். உன் பெரிய கேமராவுக்குப் பொட்டு வச்சுப் பூஜையில உட்கார்த்தி வச்சிருந்தே. அதைத் தொட உனக்கு மனசு வரலை. சின்னதை எடுத்துக்கிட்டுப் போனே. ஆனா கண்ணு பெரிய கேமராவுக்குப் பழகின கண்ணு. முகம் நல்லா விழுந்தாப் போதும், பின்னாடி இருக்கறது தானா கரைஞ்சுடும்னு ஒரு பழக்கம். கேட்டுப் பக்கம் நீ திரும்பிக்கூடப் பார்க்கலை. சின்ன கேமரா எதையும் கரைக்காது. வாழைக்கன்னு, குங்குமம் எல்லாத்தையும் எழுதி வச்சுக்கிச்சு. அப்புறம் அதுல உன் மாமா முகத்தை ஒட்டினே. அது பெரிய கேமரா முகம்."

பொய்ப் படம் எடுக்கக் கூசாதவன் பூஜையில் வைத்த பொருளைத் தொடக் கூசியிருக்கிறான். கஸ்பாருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயுத பூஜை நாளில் எந்த ஸ்டுடியோக்கார நண்பனும் கேமராவைத் தொட்டு அவன் பார்த்ததில்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள்.

வல்லரசு தரையில் உட்கார்ந்தான். "மேனேஜரு கடைக்கு வந்தாரு அக்கா. உள்ள பர்மனென்ட் வேல போட்டுத் தரேன்னாரு. மாமா திரும்பி வரப்போறதில்ல. நீயும் பாப்பாவும் துன்னணும்ல? ஸ்டுடியோவுக்கு எவன் வர்றான் இப்பல்லாம்? நான் இன்னா பண்ணட்டும்?"

"அவரு சிரிச்சதையா எடுத்து ஒட்டுன?" என்று மட்டும் கன்னியம்மா கேட்டாள். அவன் தலையை முழங்காலில் புதைத்துக்கொண்டான்.

கஸ்பாருக்கு ஆத்திரம் பொங்கியது. "மேனேஜரு சொல்லித்தான் செஞ்சேன்னு ஆபீசராண்ட வந்து சொல்லுடா."

"வாயாலதாண்ணா சொன்னாரு. கூட யாரும் இல்ல. எம் பேச்ச எவன் நம்புவான்?"

உண்மைதான். கன்னியம்மா அஜீசுன்னிசாவைப் பார்த்தாள். "இதச் சொன்னா இவன உள்ள போடுவாங்களா?"

"போடுவாங்க. பொய் ஆவணம் தயார் பண்ணின கேஸ்."

"கம்பெனிக்காரன?"

"போட்டோகிராஃபர் எங்களை ஏமாத்திட்டான்னு சொல்லிட்டு அவன் வெளியே நிப்பான்." அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "படம் பொய்னு நிரூபிச்சா உன் புருஷன் மேலே இருக்கற பழி போகும். உன் தம்பி மேலே கேஸ் வரும். ஒண்ணை மட்டும் எடுத்துக்க முடியாதும்மா. நான் எல்லாத்தையும் எடுத்துச் சொல்லத் தயார். நீ சரின்னு சொல்லணும்."

 கன்னியம்மா தம்பிக்குத் தட்டில் சோறு போட்டு அவன் முன்னால் தள்ளினாள். அவன் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை விசாரணை அறையில் மின்விசிறி மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மேனேஜர் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அஜீசுன்னிசாவும் கஸ்பாரும் பின் பெஞ்சில் இருந்தார்கள். கஸ்பார் இரண்டு படங்களையும் பெரிதாக அச்செடுத்துக் கையில் வைத்திருந்தான். அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும், எழுந்துவிடுவான்.

அதிகாரி போட்டோவை நீட்டினார். "இதுல இருக்கறது உன் வீட்டுக்காரர்தானா?"

கன்னியம்மா படத்தை வாங்கி அந்த முகத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"அவரு மூஞ்சிதான் சார்."

"பயிற்சியில எடுத்த படம்னு கம்பெனி சொல்லுது. ஆட்சேபணை ஏதாவது உண்டா?"

கஸ்பார் பாதி எழுந்துவிட்டான். அஜீசுன்னிசா அவன் மணிக்கட்டைப் பிடித்தார். 

"இல்ல சார்" என்றாள் கன்னியம்மா.

அதிகாரி எழுதினார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், ஒரு மனிதன் செத்த கதை அத்தோடு முடிந்தது.

வெளியே புளியமரத்தடியில் கஸ்பார் அவளை வழிமறித்தான். அவனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. "எல்லாம் கையில வெச்சிருந்தமேம்மா. ஏன் இப்டிப் பண்ணிட்ட?"

சாலைக்கு எதிர்ப்புறம் வல்லரசு நின்றுகொண்டிருந்தான். கிட்டே வரத் தைரியம் இல்லாமல், போகவும் முடியாமல் நின்றான். கன்னியம்மா அவனையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"புருஷன அந்த டேங்கு முழுங்கிடுச்சிண்ணா. தம்பிய நானே புடிச்சி உள்ள தள்ளணுமா?"

லாரிகளுக்கு நடுவே இடைவெளி பார்த்து அவள் சாலையைக் கடந்தாள். கஸ்பார் அங்கேயே நின்றான்.